நிக்ஸ்ஓஎஸ்: பூட் ஆவதும் சர்வீஸ் ஓடுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிக்ஸ்ஓஎஸ் (சிஸ்டம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதி, அதிலிருந்து மொத்தத்தையும் கட்டும் லினக்ஸ்) போட்ட முதல் சில மாதங்களில் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். கட்டளைகளையும் ஆப்ஷன் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை எழுப்பிப் பார்த்துக்கொள்வது) ஓரளவு பழக்கம், நிக்ஸ் மொழியைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் பயம், இப்படி ஒரு நிலையில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

"எழுதி வைத்தால் போதும், சிஸ்டம் அப்படியே வந்துவிடும்" என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. மற்ற லினக்ஸ்களில் ஒரு பேக்கேஜ் போடுவோம், எட்சி டைரக்டரிக்குள் ஒரு கோப்பைத் திருத்துவோம், ஒரு சர்வீஸை எனேபிள் செய்வோம், இரண்டு வருடம் கழித்து யார் எதை ஏன் மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. நிக்ஸ்ஓஎஸ்-இல் கெர்னல், இனிட்ஆர்டி (பூட்டின் தொடக்கத்தில் ஓடி ரூட் டிஸ்க்கை ஏற்றும் சின்ன சிஸ்டம்), எட்சி கோப்புகள், சர்வீஸ் யூனிட்கள் (ஒவ்வொரு சர்வீஸையும் எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் கோப்புகள்) எல்லாமே கான்ஃபிகரேஷன்.நிக்ஸ் என்ற எழுத்திலிருந்து கட்டப்பட்டு நிக்ஸ் ஸ்டோர் என்ற தனி ஃபோல்டருக்குள் போய் உட்காரும். அந்த மொத்தத் தொகுப்புக்கும் ஒரு எண் கொடுத்து ஒரு ஜெனரேஷன் என்பார்கள். ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2003-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கி 2006-இல் முனைவர் பட்ட ஆய்வாக எழுதிய யோசனைதான் இது. ஒரே உள்ளீட்டைக் கொடுத்தால் ஒரே வெளியீடு வரும் ஒரு ஃபங்ஷனைப் போல மென்பொருள் நிறுவலைப் பார்ப்பது.

மீதிப் பாதிதான் சிக்கல். கம்ப்யூட்டரில் நான்கு இடங்கள் இருக்கின்றன: நீங்கள் எழுதிய எழுத்து, அதிலிருந்து கட்டப்பட்ட ஜெனரேஷன், இப்போது மெமரியில் ஓடிக்கொண்டிருப்பது, வார் டைரக்டரியிலும் பூட் பார்டிஷனிலும் தங்கியிருப்பது. எழுத்தை மாற்றினால் மற்ற மூன்றும் தானாக மாறிவிடும் என்று நினைப்பதால்தான் கீழே வரும் கேள்விகளில் முக்கால்வாசி பிறக்கின்றன.

ஸ்விட்ச், பூட், டெஸ்ட், பில்ட் – எதை எப்போது போடுவது?

நிக்ஸ்ஓஎஸ்-ரீபில்ட் கட்டளைக்குப் பின்னால் வரும் வார்த்தைகள் இவை. ஸ்விட்ச் போட்டால் புது ஜெனரேஷன் உடனே அமலுக்கு வரும், அடுத்த பூட்டுக்கும் அதுதான் இயல்பு. பூட் போட்டால் மெனுவில் மட்டும் சேரும், ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாது. டெஸ்ட் அதற்கு நேர் எதிர்: உடனே அமலுக்கு வரும், ஆனால் பூட் மெனுவில் ஏறாது, ரீபூட் செய்தால் பழையபடி ஆகிவிடும். பில்ட் என்பது கட்டி மட்டும் பார்ப்பது, நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் ரிசல்ட் என்று ஒரு லிங்க் வரும். (அந்த லிங்கை அழிக்க மறந்தால் ஸ்டோரில் பயன்படாதவற்றை நீக்கிக் குப்பை அள்ளும்போது அந்த ஜெனரேஷன் முழுதும் டிஸ்க்கிலேயே தங்கிவிடும், இதைக் கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நாள் ஆனது.)

என் பழக்கம் இது: சர்வீஸ் சம்பந்தப்பட்ட மாற்றம் என்றால் முதலில் டெஸ்ட், சரியாக ஓடினால் ஸ்விட்ச். கெர்னல், டிஸ்ப்ளே டிரைவர், பெரிய வெர்ஷன் மாற்றம் என்றால் நேராக பூட் போட்டுவிட்டு ரீபூட். ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்க்டாப்பின் காலுக்குக் கீழே இருந்து கிராஃபிக்ஸ் லைப்ரரியை உருவுவதில் லாபம் ஒன்றும் இல்லை. டிரை-ஆக்டிவேட் என்றும் ஒன்று இருக்கிறது, எந்தெந்த சர்வீஸ் நிற்கும், எது ரீஸ்டார்ட் ஆகும் என்று சொல்லிவிட்டு எதையும் செய்யாமல் விட்டுவிடும். பலருக்கு இது இருப்பதே தெரியாது. பில்ட்-விஎம் போட்டால் அதே கான்ஃபிக்கை ஒரு விர்ச்சுவல் மெஷினில் எழுப்பிப் பார்க்கலாம்.

சிஸ்டம்சிடிஎல் எனேபிள் போட்டால் ரீட்-ஒன்லி என்று எரர் வருகிறது. ரூட்டாகத்தானே போட்டேன்?

ரூட்டாக இருந்தாலும் வராது. எனேபிள் என்ற கட்டளை எட்சி/சிஸ்டம்டி/சிஸ்டம் ஃபோல்டருக்குள் ஒரு லிங்க் போடப் பார்க்கிறது, அந்த ஃபோல்டரே இங்கே ஸ்டோருக்குள் போகும் ஒரு லிங்க், ஸ்டோர் எழுத முடியாதபடி மவுண்ட் ஆகியிருக்கிறது. அதே வேலையைக் கான்ஃபிக்கில் வான்டட்பை என்று எழுதி, மதிப்பாக மல்டி-யூசர்.டார்கெட் (டார்கெட் என்பது பூட்டில் எட்ட வேண்டிய ஒரு நிலை) கொடுத்துச் செய்ய வேண்டும். பொதுவான சர்வீஸ்களுக்கு மாட்யூல், அதாவது தயாராக எழுதி வைத்த கான்ஃபிக், ஏற்கெனவே இருக்கும், சர்வீசஸ்.ஓபன்எஸ்எஸ்ஹெச்.எனேபிள் = ட்ரூ என்று ஒரு வரி போட்டால் எல்லாம் முடிந்தது.

ஸ்டார்ட், ஸ்டாப், ரீஸ்டார்ட் எல்லாம் வழக்கம்போல வேலை செய்யும். அவசரத்துக்கு ஒரு ஆப்ஷனை மாற்றிப் பார்க்க வேண்டும் என்றால் சிஸ்டம்சிடிஎல் எடிட்டுடன் ரன்டைம் என்ற கொடியை, அதாவது கட்டளையோடு ஒட்டும் ஆப்ஷனை, சேர்த்துப் போடுங்கள், அது ரன் டைரக்டரியில் எழுதுவதால் ஏற்றுக்கொள்ளும், ரீபூட்டில் மறைந்துவிடும். மறைவது நல்லதுதான், பரிசோதனைக்குத்தானே செய்தீர்கள்.

சர்வீஸ் இருக்கட்டும், ஆனால் பூட் ஆகும்போது தானாக எழ வேண்டாம். எப்படி?

அந்த சர்வீஸின் வான்டட்பை மதிப்பை எம்கே-ஃபோர்ஸ் (மற்ற இடங்களில் எழுதியதை மீறுவது) போட்டு வெற்றுப் பட்டியலாக்குங்கள். யூனிட் கோப்பு இருக்கும், தேவைப்படும்போது கையால் ஸ்டார்ட் செய்யலாம். சிலர் சிஸ்டம்டி.சர்வீசஸ் கீழே அந்த சர்வீஸின் எனேபிளை ஃபால்ஸ் ஆக்கிவிட்டு "இப்போது கையால்கூட ஸ்டார்ட் ஆகவில்லை" என்று வருவார்கள். அது வேறு விஷயம்: அப்படிச் செய்தால் யூனிட் மாஸ்க் ஆகிவிடும், அதாவது டெவ்/நல்-க்கு லிங்க் ஆகிவிடும். சர்வீசஸ் கீழே உள்ள எனேபிளை ஃபால்ஸ் ஆக்கினாலோ யூனிட்டே உருவாகாது. மூன்றும் மூன்று விதம்.

இன்னொன்று, கையால் ஸ்டாப் செய்த சர்வீஸ் அப்படியே படுத்திருக்கும் என்று நம்ப வேண்டாம். கான்ஃபிக் அதை வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும் வரை, அடுத்த முறை ஸ்விட்ச் போடும்போது டார்கெட் அதைத் திரும்ப எழுப்பிவிடும்.

டெர்மினலில் அழகாக ஓடும் ஸ்க்ரிப்ட், சர்வீஸாகப் போட்டால் செத்துவிடுகிறது. ஏன்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் ஷெல்லில் இருக்கும் பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) வேறு, சர்வீஸுக்குக் கிடைக்கும் பாத் வேறு. நிக்ஸ்ஓஎஸ் ஒரு சர்வீஸுக்கு இயல்பாகக் கொடுப்பது கோர்யூட்டில்ஸ், ஃபைண்ட்யூட்டில்ஸ், க்ரெப், செட், சிஸ்டம்டி, அவ்வளவுதான். கர்ல், கிட், டார், பைத்தான் எதுவும் அதில் கிடையாது. உங்கள் ஸ்க்ரிப்ட் கர்லைக் கூப்பிடும், ஷெல் அதைத் தேடிக் கிடைக்காமல் 127 என்ற எண்ணோடு வெளியே வரும். ஜர்னலில் (சிஸ்டம்டியின் பதிவேட்டில்) 127 பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு பாத் பிரச்சினை என்று எடுத்துக்கொள்ளுங்கள். சர்வீஸுக்குள் பாத் என்ற ஆப்ஷனில் வேண்டிய பேக்கேஜ்களைப் பட்டியலாகக் கொடுத்தால் தீர்ந்தது. என்விரான்மென்ட்.சிஸ்டம்பேக்கேஜஸ்-இல் சேர்த்தேனே என்று கேட்கலாம், அது நீங்கள் லாகின் செய்யும் ஷெல்லுக்கு, சர்வீஸுக்கு அல்ல.

203 என்ற எண் வந்தால் அது வேறு நோய். எக்ஸெக்ஸ்டார்ட்டில் (சர்வீஸ் எழும்போது எதை ஓட்டுவது என்று சொல்லும் வரி) கொடுத்த கோப்பையே சிஸ்டம்டியால் ஓட்ட முடியவில்லை. பெரும்பாலும் யூஎஸ்ஆர்/பின்/பைத்தான் மாதிரி ஒரு பாதையை இன்னொரு லினக்ஸிலிருந்து காப்பி செய்து போட்டிருப்பீர்கள். இங்கே யூஎஸ்ஆர்/பின் உள்ளே என்வ் மட்டும்தான் இருக்கும், பின் ஃபோல்டருக்குள் எஸ்ஹெச் மட்டும்தான். ஸ்க்ரிப்டின் முதல் வரியில் பின்/பாஷ் என்று எழுதியிருந்தாலும் இதே கதிதான். எக்ஸெக்ஸ்டார்ட்டில் பேக்கேஜை நிக்ஸ் மொழியிலேயே குறிப்பிட்டு, அதிலுள்ள ‘பின்’ ஃபோல்டருக்குள் இருக்கும் பெயரைச் சேர்த்தால் ஸ்டோரில் உள்ள முழுப் பாதையும் தானாக வந்து உட்காரும்.

எக்ஸெக்ஸ்டார்ட்டுக்குப் பதிலாக ஸ்க்ரிப்ட் என்ற ஆப்ஷனில் நேரடியாக ஷெல் வரிகளை எழுதலாம், சின்ன வேலைகளுக்கு அதுதான் சுலபம். ஆனால் அது முதல் தவறிலேயே நின்றுவிடும்படிதான் உருவாக்கப்படுகிறது. டெர்மினலில் ஒரு க்ரெப் எதையும் கண்டுபிடிக்காமல் போனால் நாம் கண்டுகொள்ள மாட்டோம், இங்கே அத்தோடு சர்வீஸ் முடிந்தது.

ஆஃப்டர் என்று நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்டைப் போட்டும் நெட்வொர்க் வருவதற்கு முன்பே சர்வீஸ் எழுகிறதே?

ஆஃப்டர் என்பது வரிசை மட்டும்தான். "அவர் வந்தால், அவருக்குப் பின்னால் நான்" என்று சொல்கிறது, "அவர் வர வேண்டும்" என்று சொல்லவில்லை. யாருமே அந்த டார்கெட்டைக் கூப்பிடாவிட்டால் அது எழவே எழாது, உங்கள் சர்வீஸும் காத்திருக்காது. வான்ட்ஸ் என்பதிலும் அதே பெயரைப் போடுங்கள். வான்ட்ஸை விட்டுவிட்டு ஆஃப்டர் மட்டும் எழுதினால் இப்போதெல்லாம் ரீபில்ட் நேரத்திலேயே எச்சரிக்கை வருகிறது, அதைப் படிக்காமல் ஸ்க்ரோல் செய்து போய்விடுகிறோம்.

வெறும் நெட்வொர்க்.டார்கெட் வேறு, பெயர் ஏமாற்றும். அதில் ஐபி கிடைத்துவிட்டது என்ற உத்தரவாதம் எதுவும் இல்லை. அப்புறம், ஆன்லைன் டார்கெட்டுக்காகக் காத்திருப்பதைவிட, தோற்றால் சில நொடி கழித்துத் திரும்ப முயலும்படி ரீஸ்டார்ட், ரீஸ்டார்ட்செக் இரண்டையும் வைப்பதுதான் பல நேரங்களில் நல்லது. நெட்வொர்க் பூட்டுக்குப் பிறகும் போகும், வரும்.

பூட் ஆக ரொம்ப நேரம் எடுக்கிறது. எங்கே பார்ப்பது?

சிஸ்டம்டி-அனலைஸ் ப்ளேம், சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிகல்-செயின். முதலாவது யார் எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்று சொல்லும், இரண்டாவது அதில் யார் உண்மையிலேயே மற்றவர்களைக் காக்க வைத்தார்கள் என்று சொல்லும், இரண்டாவதைத்தான் நம்ப வேண்டும். நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன் மேலே நிற்பதைப் பார்த்தால், அதற்காகக் காத்திருக்கும் சர்வீஸ் எதுவும் உங்களுக்கு இல்லை என்று உறுதி செய்துகொண்டு அதை எனேபிள் ஃபால்ஸ் ஆக்கலாம். சரியாக ஒன்றரை நிமிடம் நிற்கிறது என்றால் அநேகமாக இல்லாத டிஸ்க் ஒன்றுக்காகக் காத்திருக்கிறது. சிஸ்டம்டி ஒரு டிவைஸுக்குக் காத்திருக்கும் இயல்பான நேரம் 90 நொடி.

ஸ்விட்ச் போட்டால் எல்லா சர்வீஸும் ரீஸ்டார்ட் ஆகுமா?

இல்லை. பழைய ஜெனரேஷனின் யூனிட் கோப்புகளையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்து, மாறியவற்றை மட்டும்தான் தொடும். மாறியது என்றால் யூனிட்டுக்குள் இருக்கும் ஸ்டோர் பாதை மாறினாலும் மாறியதுதான், அதனால் சேனலை (பேக்கேஜ்கள் வரும் மூலத்தை) அப்டேட் செய்த பிறகு வரும் முதல் ஸ்விட்சில் ஏராளமான சர்வீஸ்கள் ரீஸ்டார்ட் ஆகும். வேலை நேரத்தில் அதைச் செய்யாதீர்கள்.

இதைச் சர்வீஸுக்கு ஏற்ப மாற்ற மூன்று ஆப்ஷன்கள் உண்டு. ரீஸ்டார்ட்இஃப்சேஞ்ட் ஃபால்ஸ் என்றால் மாறினாலும் தொடாதே (டிஸ்ப்ளே மேனேஜருக்கு இப்படித்தான் இருக்கிறது, இல்லாவிட்டால் ஒவ்வொரு ஸ்விட்சிலும் உங்கள் டெஸ்க்டாப் செஷன் செத்துப்போகும்). ரீலோட்இஃப்சேஞ்ட் என்றால் ரீஸ்டார்ட்டுக்குப் பதிலாக ரீலோட். ஸ்டாப்இஃப்சேஞ்ட் இயல்பாக ட்ரூ, அதாவது ஆக்டிவேஷனுக்கு முன்பே பழையதை நிறுத்திவிட்டு எல்லாம் முடிந்தபின் புதியதை எழுப்பும். ஃபால்ஸ் ஆக்கினால் கடைசியில் ஒரே மூச்சில் ரீஸ்டார்ட், இடைவெளி குறைவு.

எதிர்ப்பக்கமும் உண்டு: ரீஸ்டார்ட் ஆக வேண்டியது ஆகாமல் போவது. சர்வீஸ் படிக்கும் கோப்பு எட்சியில் இருக்கிறது, யூனிட்டில் அந்தக் கோப்பின் நிலையான பெயர் மட்டும்தான் எழுதியிருக்கிறது என்றால், கோப்பின் உள்ளடக்கம் மாறினாலும் யூனிட் மாறவில்லை, சர்வீஸ் பழையதையே பிடித்துக்கொண்டு ஓடும். ரீஸ்டார்ட்ட்ரிகர்ஸ் என்ற பட்டியலில் அந்தக் கோப்பின் மூலத்தைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

கெர்னலை மாற்றி ஸ்விட்ச் போட்டேன். யூநேம் பழைய எண்ணையே காட்டுகிறது.

ரீபூட் செய்யுங்கள். ஓடும் கெர்னலை ஸ்விட்ச் மாற்றாது. ரன் டைரக்டரிக்குள் பூட்டட்-சிஸ்டம், கரண்ட்-சிஸ்டம் என்று இரண்டு லிங்க் இருக்கும், இரண்டின் கீழும் உள்ள கெர்னல் லிங்கை ரீட்லிங்க் செய்து பாருங்கள், வேறு வேறாக இருந்தால் ரீபூட் பாக்கி என்று அர்த்தம். கெர்னல் மாட்யூல்கள் (டிரைவர்கள்) பூட்டட்-சிஸ்டத்திலிருந்தே எடுக்கப்படும், அதனால் இந்த நிலையில் புதிதாக ஒரு யூஎஸ்பி சாதனத்தைச் செருகினாலும் அதற்குரிய மாட்யூல் கிடைக்கும்.

பூட் பார்டிஷனில் இடமில்லை என்று ரீபில்ட் நின்றுவிட்டது. என்ன செய்வது?

பூட் மெனுவுக்கு சிஸ்டம்டி-பூட் வைத்திருப்பவர்கள் என்றாவது ஒரு நாள் இதைப் பார்த்தே தீருவார்கள், முக்கியமாக விண்டோஸ் உருவாக்கிய 100 எம்பி இஎஃப்ஐ பார்டிஷனைப் பகிர்ந்துகொள்பவர்கள். சிஸ்டம்டி-பூட்டால் நிக்ஸ் ஸ்டோரைப் படிக்க முடியாது, அதனால் ஒவ்வொரு ஜெனரேஷனின் கெர்னலும் இனிட்ஆர்டியும் அந்தப் பார்டிஷனுக்கு நகலெடுக்கப்படும். இரண்டு ஜெனரேஷனுக்கும் ஒரே கெர்னல், ஒரே இனிட்ஆர்டி என்றால் ஒரே நகல்தான். மாறினால் புது ஜோடி, ஜோடி ஒன்றுக்குச் சில பத்து எம்பி. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது இரண்டு படி, பலர் முதல் படியோடு நின்றுவிடுவார்கள். முதலில் பழைய ஜெனரேஷன்களை நீக்க வேண்டும்: நிக்ஸ்-கலெக்ட்-கார்பேஜ், அதோடு டெலீட்-ஓல்டர்-தேன் என்று 14 நாள் மாதிரி ஒரு அளவு. சுடோ போட வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் சொந்த ப்ரொஃபைலின் (உங்கள் பெயரில் உள்ள ஜெனரேஷன் தொடரின்) பழசு மட்டும்தான் போகும், சிஸ்டத்தின் ஜெனரேஷன்கள் அப்படியே இருக்கும். அப்புறம் நிக்ஸ்ஓஎஸ்-ரீபில்ட் பூட். இந்த இரண்டாவது படியில்தான் பூட் பார்டிஷனில் உள்ள பழைய நகல்களும் மெனு வரிகளும் துடைக்கப்படும். அதைச் செய்யாமல் விட்டால் மெனுவில் பழைய வரிகள் தெரியும், ஆனால் அவை சுட்டும் ஸ்டோர் பாதை போயிருக்கும், தேர்ந்தெடுத்தால் பாதியில் நிற்கும். இதற்குப் பிறகும் இடம் போதவில்லை என்றால் பார்டிஷனுக்குள் இஎஃப்ஐ/நிக்ஸ்ஓஎஸ் ஃபோல்டரில் பழைய கோப்புகளைக் கையால் அழிக்கலாம், ஆனால் இப்போது ஓடும் ஜெனரேஷனின் மெனு வரி எந்தக் கோப்புகளைச் சுட்டுகிறது என்று லோடர்/என்ட்ரீஸ் ஃபோல்டரில் பார்த்துவிட்டு.

வராமல் தடுக்க, பூட்.லோடர்.சிஸ்டம்டி-பூட்.கான்ஃபிகரேஷன்லிமிட் என்பதை 5 அல்லது 10 ஆக வையுங்கள். புதிதாகப் போடுபவர்கள் பார்டிஷனையே 1 ஜிபி வைத்துவிடுங்கள், இன்றைய டிஸ்க்குகளில் அது ஒரு பெரிய விஷயமே இல்லை.

இன்னொரு பொறி இருக்கிறது, நான் விழுந்தேன். புதிய ஜெனரேஷன் பூட் ஆகாமல், மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்து, "சரி, முதலில் குப்பையை அள்ளுவோம்" என்று டி கொடியோடு கார்பேஜ் கலெக்ஷன் ஓட்டினேன். டி என்பது நடப்பு ஜெனரேஷனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நீக்கும். நடப்பு என்பது நீங்கள் பூட் செய்து வந்தது அல்ல, ப்ரொஃபைல் லிங்க் சுட்டுவது, அதாவது அந்த உடைந்து போன புதியது. நல்லதை அழித்துவிட்டு கெட்டதைப் பத்திரப்படுத்தியிருந்தேன். ஓடிக்கொண்டிருப்பதன் ஸ்டோர் பாதைகள் ரீபூட் வரை காப்பாற்றப்படும் என்பதால், ரீபூட் செய்வதற்கு முன்பு கான்ஃபிக்கைத் திருத்தி ஒரு நல்ல ஜெனரேஷன் கட்டித் தப்பித்தேன்.

பூட்டே ஆகவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

மெனுவில் முந்தைய ஜெனரேஷனைத் தேர்ந்தெடுங்கள். டைம்அவுட் 0 என்று வைத்திருந்தால் பவர் போட்டதும் ஸ்பேஸ் கீயை அழுத்திப் பிடியுங்கள், மெனு வரும். அது ஓடினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது, ஆனால் பாதிதான்: மெனுவில் தேர்ந்தெடுத்தது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும். அதையே இயல்பாக்க, ரன்/கரண்ட்-சிஸ்டம்/பின் உள்ளே இருக்கும் ஸ்விட்ச்-டு-கான்ஃபிகரேஷன் என்ற புரோகிராமுக்கு பூட் என்று கொடுத்து ரூட்டாக ஓட்டுங்கள். அப்புறம் கான்ஃபிக் எழுத்தையும் திருத்துங்கள். ரோல்பேக் எழுத்தைப் பின்னுக்கு இழுக்காது, திருத்தாமல் அடுத்த ரீபில்ட் போட்டால் அதே உடைந்த சிஸ்டம் புது எண்ணோடு வந்து நிற்கும்.

எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும். ஸ்டேஜ் 1-இல் (இனிட்ஆர்டி ஓடும் கட்டத்தில்), ரூட் டிஸ்க் தோன்றவில்லை என்று காத்திருந்தால் இனிட்ஆர்டியில் டிரைவர் இல்லை. டிஸ்க்கை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டினால் இது சாதாரணம். பூட்.இனிட்ஆர்டி.அவைலபிள்கெர்னல்மாட்யூல்ஸ் பட்டியலில் என்விஎம்இ, ஏஹெச்சிஐ, எக்ஸ்ஹெச்சிஐ-பிசிஐ, யூஎஸ்பி-ஸ்டோரேஜ் மாதிரி உரியது இருக்கிறதா என்று பாருங்கள். எமர்ஜென்சி மோடில் விழுந்தால் ஏதோ ஒரு ஃபைல்சிஸ்டம் மவுண்ட் ஆகவில்லை. ரூட்டுக்கு பாஸ்வேர்ட் வைக்காதவர்கள் அங்கே உள்ளே நுழையக்கூட முடியாது, கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிடும். வெளியே மாட்டும் டிஸ்க், பேக்கப் டிஸ்க் எல்லாவற்றுக்கும் ஆப்ஷன்ஸில் நோஃபெயில் போட்டு வையுங்கள், அந்த டிஸ்க் இல்லாமல் போனதற்காக முழு சிஸ்டமும் படுக்க வேண்டியதில்லை.

எந்த ஜெனரேஷனும் ஓடவில்லை என்றால் நிறுவப் பயன்படுத்திய யூஎஸ்பியில் பூட் செய்து, ரூட் பார்டிஷனை எம்என்டி-இலும் பூட் பார்டிஷனை அதற்குக் கீழே பூட்டிலும் மவுண்ட் செய்து, நிக்ஸ்ஓஎஸ்-என்டர் போட்டு உள்ளே போய்த் திருத்தி ரீபில்ட் பூட். நிக்ஸ்ஓஎஸ்-இன்ஸ்டால் கட்டளையைத் திரும்ப ஓட்டினாலும் உங்கள் தரவு அழியாது, அது டிஸ்க்கை ஃபார்மட் செய்வதில்லை.

ரோல்பேக் செய்தேன், டேட்டாபேஸ் பழைய நிலைக்கு வரவில்லையே?

வராது. ரோல்பேக் என்பது ஸ்டோரில் உள்ளவற்றுக்கு மட்டும். வார்/லிப் உள்ளே இருக்கும் தரவு உங்களுடையது, நிக்ஸ் அதைத் தொடுவதில்லை. புது வெர்ஷன் மென்பொருள் ஒருமுறை ஓடித் தன் தரவின் அமைப்பை மாற்றிவிட்டால், பழைய வெர்ஷனுக்குத் திரும்பினாலும் அதற்கு அந்தத் தரவு புரியாமல் போகலாம். பேக்கப்புக்கு மாற்று ரோல்பேக் இல்லை.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் இதில் நல்ல உதாரணம். 15-இன் தரவு ஃபோல்டரை 16 திறக்காது. அதனால்தான் நிக்ஸ்ஓஎஸ் வெர்ஷன் எண்ணின் பெயரிலேயே தனி ஃபோல்டர் வைக்கிறது, எந்த வெர்ஷன் இயல்பு என்பதை சிஸ்டம்.ஸ்டேட்வெர்ஷனை வைத்து முடிவு செய்கிறது. வெர்ஷனை மாற்றி ஸ்விட்ச் போட்டால் காலியான புது டேட்டாபேஸ் எழும், பார்த்தவுடன் வயிறு கலங்கும். பழைய ஃபோல்டர் பத்திரமாகத்தான் இருக்கும், பிஜி-அப்கிரேட் அல்லது டம்ப் எடுத்து நகர்த்த வேண்டும்.

அப்படியானால் ஸ்டேட்வெர்ஷனைப் புது ரிலீஸ் எண்ணுக்கு மாற்ற வேண்டாமா?

வேண்டாம். எந்த ரிலீஸில் நிறுவினீர்களோ அது அப்படியே இருக்கட்டும். அது உங்கள் சிஸ்டத்தின் வெர்ஷன் இல்லை, உங்கள் தரவின் பிறந்த தேதி.

தொலைவில் இருக்கும் சர்வரில் ஃபயர்வால் மாற்ற வேண்டும். என்னை நானே வெளியே தள்ளிவிடாமல் எப்படி?

முதலில் ஷட்டவுன் கட்டளையில் ஆர் கொடியும் கூட்டல் 10-உம் கொடுத்து, பத்து நிமிடத்தில் ரீபூட் ஆகும்படி வைத்துவிடுங்கள். பிறகு ஸ்விட்ச் போடாமல் டெஸ்ட் போடுங்கள். இப்போது பழைய செஷனை மூடாமல் இன்னொரு டெர்மினலில் புதிதாக எஸ்எஸ்ஹெச் செய்து பாருங்கள். உள்ளே வந்தால் ஷட்டவுனுக்கு சி கொடி கொடுத்து ரத்து செய்துவிட்டு ஸ்விட்ச். வராவிட்டால் பேசாமல் காத்திருங்கள், ரீபூட் ஆகிப் பழைய ஜெனரேஷன் எழும், டெஸ்ட் பூட் மெனுவில் ஏறவில்லை அல்லவா. டெஸ்ட் என்ற கட்டளை இருப்பதே இதற்காகத்தான் என்பேன். ஏற்கெனவே திறந்த செஷன் வேலை செய்கிறது என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நிறுவப்பட்ட இணைப்புகளைப் பெரும்பாலான ஃபயர்வால் விதிகள் விட்டுவிடும்.

சர்வீஸுக்கு வேண்டிய பாஸ்வேர்டைக் கான்ஃபிக்கில் எழுதலாமா?

கூடாது. கான்ஃபிக்கில் எழுதியது ஸ்டோருக்குப் போகும், ஸ்டோரை அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள எந்தப் பயனரும் படிக்கலாம். கோப்பின் பாதையை மட்டும் எழுதுங்கள்: சர்வீஸ்கான்ஃபிக்கில் என்விரான்மென்ட்ஃபைல், அல்லது இன்னும் நல்லது லோட்கிரெடென்ஷியல். பாதையை மேற்கோள் குறிக்குள் எழுதுவது முக்கியம், குறி இல்லாமல் நிக்ஸின் பாத் வகையாக எழுதினால் அந்தக் கோப்பையே எடுத்து ஸ்டோருக்குள் நகலெடுத்து வைத்துவிடும். ரகசியங்களையும் கிட்டில் வைக்க வேண்டும் என்றால் சாப்ஸ்-நிக்ஸ் அல்லது ஏஜ்நிக்ஸ். இரண்டுமே மறைகுறியாக்கிய வடிவத்தை மட்டும் ஸ்டோரில் வைத்து, ஆக்டிவேஷன் நேரத்தில் திறந்து கொடுக்கும்.

"முரண்பட்ட மதிப்புகள்" என்று எரர் வருகிறது. நான் ஒரு இடத்தில்தானே எழுதினேன்?

இன்னொரு இடத்தில் மாட்யூல் எழுதியிருக்கிறது. பட்டியல் வகை ஆப்ஷன்கள் (கெர்னல்பாராம்ஸ் மாதிரி) எல்லா இடத்திலிருந்தும் சேர்ந்துகொள்ளும், ஒற்றை மதிப்பு என்றால் மோதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு, சிறிய எண்ணுக்குத்தான் மரியாதை: எம்கே-டிஃபால்ட் 1000, சாதாரணமாக எழுதியது 100, எம்கே-ஃபோர்ஸ் 50. எம்கே-ஃபோர்ஸை அள்ளித் தெளிக்காதீர்கள். பட்டியலின் மேல் போட்டால் மற்றவர்கள் சேர்த்ததெல்லாம் காணாமல் போகும், கெர்னல்பாராம்ஸில் அப்படிச் செய்துவிட்டு ஏன் கான்சோல் வரவில்லை என்று தேடியவர்கள் உண்டு.

ஹார்ட்வேர்-கான்ஃபிகரேஷன்.நிக்ஸைக் கையால் திருத்தலாமா?

திருத்தலாம், ஆனால் நிக்ஸ்ஓஎஸ்-ஜெனரேட்-கான்ஃபிக்கை அடுத்த முறை ஓட்டும்போது அது திரும்ப எழுதப்படும். மவுண்ட் ஆப்ஷன் மாதிரி சொந்த மாற்றங்களைக் கான்ஃபிகரேஷன்.நிக்ஸில் எழுதிவிட்டால் கவலை இல்லை, இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

ஃப்ளேக் பயன்படுத்துகிறேன். புதிதாக எழுதிய கோப்பு கண் முன்னே இருக்கிறது, இல்லை என்கிறது.

கிட் ஆட். ஃப்ளேக் என்பது கான்ஃபிக்கையும் அதன் மூலங்களின் வெர்ஷன்களையும் சேர்த்துப் பூட்டி வைக்கும் முறை, கிட்டுக்குத் தெரியாத கோப்பு அதற்கும் தெரியாது. கமிட் செய்ய வேண்டியதில்லை, சேர்த்தால் போதும்.

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு விதமான பூட் வேண்டும், ஒன்று சாதாரணமாக, ஒன்று வேறு கெர்னலோடு.

ஸ்பெஷலைசேஷன் என்ற ஆப்ஷன். பெயர் கொடுத்து அதற்குள் மாறுபடும் வரிகளை மட்டும் எழுதினால் மெனுவில் தனி வரியாக வரும். லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டை அணைத்து வைப்பதற்கு இதைவிடச் சுத்தமான வழி நான் பார்க்கவில்லை. பூட் பார்டிஷன் இடக்கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதே யோசனையில் வந்த கூக்ஸிலும் இதெல்லாம் பொருந்துமா?

யோசனை ஒன்றே, பாகங்கள் வேறு. கூக்ஸ் சிஸ்டத்தில் கான்ஃபிக் ஸ்கீம் மொழியில், சர்வீஸ்களைப் பார்த்துக்கொள்வது சிஸ்டம்டி அல்ல, ஷெப்பர்ட். கூக்ஸ் சிஸ்டம் ரீகான்ஃபிகர் என்பது ஸ்விட்ச்சுக்குச் சமம், ரோல்-பேக்கும் உண்டு. பழக்கத்தில் இடிப்பது ஒன்றுதான்: ரீகான்ஃபிகர், ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ்களைத் தானாக ரீஸ்டார்ட் செய்யாது, ஹெர்ட் ரீஸ்டார்ட் என்று நீங்கள்தான் கையால் செய்ய வேண்டும். நிக்ஸ்ஓஎஸ்-இலிருந்து போகிறவர்களுக்கு "மாற்றினேன், மாறவில்லை" என்று தோன்றும். சர்வர் வைத்திருப்பவர்களில் சிலர் இதையே விரும்புகிறார்கள், எனக்கும் அதில் நியாயம் தெரிகிறது.

கான்ஃபிகரேஷன்.நிக்ஸையே தவறுதலாக அழித்துவிட்டேன். ஓடும் சிஸ்டத்திலிருந்து மீட்க முடியுமா?

சிஸ்டம்.காப்பிசிஸ்டம்கான்ஃபிகரேஷன் = ட்ரூ என்று முன்பே வைத்திருந்தால் முடியும். ரன்/கரண்ட்-சிஸ்டம் உள்ளே அதன் நகல் இருக்கும், ஆனால் முதன்மைக் கோப்பு மட்டும்தான், அது இம்போர்ட் செய்த மற்றவை வராது, ஃப்ளேக்குக்கு இது வேலையும் செய்யாது. வைக்காவிட்டால் கட்டப்பட்ட சிஸ்டத்திலிருந்து மூல எழுத்தைப் பின்னோக்கி உருவாக்க வழி இல்லை. சிஸ்டம் ஓடும், பூட் ஆகும், எல்லா சர்வீஸும் எழும், மாற்ற மட்டும் முடியாது. யூனிட் கோப்புகளை சிஸ்டம்சிடிஎல் கேட் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துத் திரும்ப எழுத வேண்டியதுதான். ஒரு மாலைப்பொழுது முழுக்க ஆகும்.